அவனுக்கு மனப்பாடமான எண்

ஓய்வு பெறுகிற வாரத்தின் திங்கட்கிழமை, என் செல்போன் எண்ணை நானே ஒப்படைத்தேன். அன்றைக்கே வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அது மில் கொடுத்த எண். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் ஸ்பின்னிங் பகுதி என் மேற்பார்வையில் இருந்தது. எனக்குப் பதிலாக வந்திருந்த இளைஞரின், சிம் கார்டே தேவைப்படாத புதுப் போனுக்குள் அந்த எண்ணை ஏற்றச் சொல்லிவிட்டு, ஒரு பொறுப்பு ஒழிந்த நிம்மதியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப தம்பி எந்த நம்பருக்குப் பேசுவான்?"

எங்கள் மகன் ராணுவத்தில் இருக்கிறான். அப்போது எங்கோ பனிமலையில் காவல். சொந்தப் போனைக் கீழே முகாமில் வைத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். மேலே எல்லோருக்கும் பொதுவாக ஒரு போன், வரிசையில் நின்று பேச வேண்டும். நாம் திருப்பிக் கூப்பிட முடியாது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவனுக்கு மனப்பாடமான எண் என்னுடையது ஒன்றுதான். அவன் அம்மாவின் எண் கீழே இருக்கும் அந்தப் போனுக்குள் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவான். முந்தின நாள் ஞாயிறு பேசவில்லை. வரிசை நீளமாக இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். திங்கள் மாலை, நாங்கள் இப்படி நின்றுகொண்டிருந்தபோதே டிவியில் பனிச்சரிவு என்றார்கள். இடத்தின் பெயரும் சொன்னார்கள். ஆனால் தான் இருக்கும் இடத்தின் பெயரை அவன் எங்களிடம் சொன்னதே இல்லை.

"அப்படி என்ன அவசரம் ஒங்களுக்கு?" என்றாள். ஒரே முறைதான் கேட்டாள். தினமும் கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் மில் அலுவலகத்தில் கெஞ்சினேன். எண்ணைத் திரும்ப மாற்ற மதுரைக்கு எழுத வேண்டும், ஒரு வாரமாவது ஆகும் என்றார்கள். அதற்கு வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடவும் அந்த இணைப்பில் வழியில்லை. நான் புதிதாக வாங்கிய சிம்மோ உயிர் பெறவே இல்லை. மகனின் தலைமையகத்துக்கு என் மனைவியின் போனிலிருந்து பேசினேன். இந்தி புரியவில்லை. மில் வாசலில் இருக்கும் வாட்ச்மேன் பழைய பட்டாளத்துக்காரர், அவரைப் பேசச் சொன்னேன்.

பேசி முடித்துவிட்டு அவர், "தகவல் எதும் இருந்தா அவிகளே கூப்பிடுவாகளாம் சார். பதிவுல எந்த நம்பர் குடுத்திருக்கீக?" என்றார்.

அதே எண்தான். நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் அந்த இளைஞரின் போனில்தான் வரும். மறுபடி கூப்பிட்டு மனைவியின் எண்ணைச் சொல்லச் சொன்னேன். சொன்னார். எழுதிக்கொண்டார்களா என்பது தெரியவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. எங்கள் மில்லில் வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் வாசலில் ஒரு பெட்டிக்குள் பூட்டியிருக்கும். போனைப் பார்த்தபடி வேலை செய்த ஒரு பெண்ணின் விரல் மெஷினில் சிக்கிய பிறகு நான் கொண்டுவந்த ஏற்பாடு அது. அந்த வாரம் முழுக்கச் சாக்குச் சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்து, பெட்டிக்கு முன்னால் நின்றேன். உள்ளே ஏதாவது ஒரு போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

"ரூல் போட்டதே நீங்கதான சார். இப்ப நீங்களே பொட்டியச் சுத்திச் சுத்தி வாரீக" என்றார் வாட்ச்மேன். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மேல லைன் கெடைக்கதே பெருசு. நான் ஒரு தடவ ரொம்ப நாளாப் பேசல. லீவுக்கு வந்து பாத்தா, எங்க வீட்டம்மா ஏம் போட்டோவத் தொடச்சு நடுவுல மாட்டிருக்கா. மாலை ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். அன்றைக்கு வீட்டில் மகனின் போட்டோ இருந்த பக்கம் நான் திரும்பவில்லை.

கைபட்டதெல்லாம் கெட்டுப்போன வாரம் அது. கேஸ் பாதிச் சமையலில் தீர்ந்தது. சிலிண்டரை நகர்த்தப்போய் இடுப்புப் பிடித்துக்கொண்டது. கட்டிலில் வைத்த மூக்குக்கண்ணாடியின் மேல் நானே உட்கார்ந்தேன். வியாழக்கிழமை பஸ் பாதி வழியில் டயர் பஞ்சராகி நின்றபோது கண்டக்டரிடம் சத்தம் போட்டேன். "எங்கிட்டக் கேட்டுட்டா சார் பஞ்சராச்சு?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ரோட்டோரப் புளியமரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். வீட்டில் மனைவி விடிந்ததும் ஆண்டாள் கோயிலுக்குப் போய் வெயில் ஏறியபிறகு வந்தாள். டிவியை நாங்கள் போடவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த இளைஞரைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, நாளைக்குப் போனைப் பொட்டியில போடாதீக. பையிலயே வச்சிக்கிடுங்க. யாரும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன்.

"வைப்ரேட்ல போட்டு வச்சிக்கிடுதேன் சார்" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

சனிக்கிழமை கடைசி நாள். எல்லோருக்கும் கொடுக்க வாங்கிய பால்கோவா பஸ்ஸில் யாருடைய பைக்கோ அடியில் நசுங்கியது. பிற்பகல் வழியனுப்பு விழா. அதற்கு முன் மெஷின்களை ஒரு சுற்றுப் பார்க்க உள்ளே போனேன்.

ஸ்பின்னிங் பகுதிக்குள் காதில் எதுவும் விழாது. உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். ஆள்காட்டி விரலை உயர்த்திச் சுழற்றினால் மெஷின் ஓடுகிறது என்று பொருள். கையை மூடிக் காட்டினால் நின்றுவிட்டது. காலையில் உள்ளே நுழைந்ததும் தூரத்திலிருந்தே ஒவ்வொரு மெஷினையும் அப்படித்தான் விசாரிப்பேன்.

மெஷின்களுக்கு நடுவே உள்ள நீண்ட சந்தில் இந்தக் கோடியில் நான் நின்றேன், அந்தக் கோடியில் அந்த இளைஞர். திடீரென்று சட்டைப் பையைப் பொத்தினார். போனை எடுத்துக் காதில் வைத்து, இன்னொரு காதை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினார். நான் நடக்கப் பார்த்தேன். இடுப்பு விடவில்லை. அவர் கதவடியில் திரும்பி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கண்ணாடி இல்லாத எனக்கு முகம் வெறும் மங்கலாகத் தெரிந்தது. உதடு தெரியவில்லை.

கை உயர்ந்தது. மூடிய கையாகத்தான் தெரிந்தது. நான் பக்கத்து மெஷினைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கையிலிருந்து ஒரு விரல் நிமிர்ந்தது. சுழன்றது. நிறுத்தாமல் சுழன்றுகொண்டே இருந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. போன் என் கையில் இருந்தது.

"யாருப்பா அது, போனை எடுத்தது? ஒங்களுக்கு என்ன?" என்று அவன் பயந்துபோய்க் கேட்டான்.

"எனக்கு ஒண்ணுமில்லய்யா. நீ எப்படி இருக்க?"

"லைன் அத்துக்கிட்டுப் போச்சு. இப்பத்தான் சரி பண்ணுனாக. ஏம்ப்பா அழுதீக?"

"அழல. மெஷின் சத்தம்."

"சாப்டீகளா?" என்றான். பதில் சொல்லும்முன் அவனுடைய நேரம் முடிந்தது.

அந்தப் போனிலிருந்தே மனைவிக்குச் சொன்னேன். "ஆண்டாளே" என்றாள். பிறகு, "என் நம்பரச் சொன்னீகளா?" என்றாள்.

நான் சொல்லவில்லை. நினைவே வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினோம். நசுங்கியதில் மிச்சமிருந்த பால்கோவா என் மனைவியின் மடியில் இருந்தது. அந்த இளைஞரின் வீட்டில் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். போனை நடுவில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.