பகல் பதினோரு மணிக்குக் கேட்ட நம்பர்

செல்வலட்சுமிக்கு ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. நாரணாபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்து பதினாறு வருடம் ஆகிறது. ரேஷன் கடையில் தன் முறை வந்தும் வாய் திறக்காமல் நின்று, பின்னால் நின்றவள் சாமான் வாங்கிக்கொண்டு போனது எத்தனையோ தடவை. ஏழாவது படிக்கும்போது அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தாள். அன்றைக்கு ஆணியில் மாட்டிய புத்தகப் பையை அவள் பிறகு எடுக்கவில்லை. மறுவாரமே தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்க உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு பட்டாசுக் கம்பெனி, தரைச்சக்கரம் சுற்றும் வேலை.

வாய்தான் இல்லையே தவிர, கண் சும்மா இருக்காது. யார் புதுச் செருப்பு போட்டு வந்திருக்கிறாள், யார் இரண்டு நாளாகச் சோற்றைப் பாதியில் மூடி வைக்கிறாள், போர்மேன் யாரைப் பார்த்துக்கொண்டு யாரைத் திட்டுகிறான், எல்லாம் அவளுக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவள் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களை வைத்து ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்தினாள் என்றால் அவள் புருஷன் இருளாண்டிக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. திருத்தங்கல் பிரஸ்ஸில் பேப்பர் லோடு இறக்குகிறவன் அவன். "வீட்டுல வாயத் தொறக்க மாட்டா, போனுல ரேடியோ மாதிரி பேசுதா" என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தொடங்கியது ஒரு கார்த்திகை மழையில். கம்பெனி வேன் வரும் வருமென்று பதினாலு பெண்கள் ஒன்றரை மணி நேரம் நனைந்தார்கள். மழைக்கு அன்று வேலை கிடையாது என்பதை ஒருவரும் வந்து சொல்லவில்லை. மறுநாள் செல்வலட்சுமி அந்தப் பதினாலு பேரின் நம்பரையும் சேர்த்து ஒரு குரூப் போட்டாள். பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்ட வராது என்பதால் எல்லாம் வாய்ஸ்தான். காலையில் வீட்டுக்குப் பின்னால் வேப்பங்கன்றைப் பார்த்து நின்றுகொண்டு பேசுவாள். "அக்காமாரே, வேன் பெரிய ரோட்டுல திரும்பிருச்சு. அஞ்சு நிமிசத்துல வந்துருவான். சோத்துச்சட்டிய மறந்துராதீக." எதிரே முகம் இல்லாததால் அவளுக்குப் பேச்சு தண்ணீராக ஓடியது.

அடுத்த வேன்காரிகள் கேட்டுச் சேர்ந்தார்கள். பிறகு அடுத்த ஊர்க்காரிகள். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எங்கே லைசென்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எந்த ரூமில் வெடிமருந்து வாடையில் தலை சுற்றுகிறது, எல்லாம் அதில் வந்தது. காலை வணக்கப் படம் போடக் கூடாது. ஆம்பிளை நம்பர் கூடாது. கம்பெனிப் பெயரைச் சொல்லக் கூடாது. பச்சைக் கேட்டு, நீலக் கேட்டு என்று கேட்டின் நிறத்தைத்தான் சொல்ல வேண்டும். முகம் பார்க்காமல் ஒருத்தியையும் சேர்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், பேச்சு வராமல் தரையைப் பார்த்து நின்று, அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துதான் நம்பரைச் சேர்ப்பாள்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. வாய்ஸை விரலால் அழுத்திப் பிடித்தால் யார் யார் எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்று வரும். சாயங்காலம் அடுப்பில் சோறு கொதிக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்ப்பாள். இரண்டு நாளாக ஒருத்தி கேட்கவில்லை என்றால் பக்கத்துத் தெருக்காரியை அனுப்பி என்னவென்று பார்க்கச் சொல்வாள். காய்ச்சலில் கிடந்த ஒருத்தியை அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆள் கூடக் கூட ஒற்றை ஆளால் முடியவில்லை. அதனால் ரோஜாவை அட்மின் ஆக்கினாள். ஆறு வருடமாக வேனில் ஒரே சீட்டு. பன்னிரண்டாவது படித்தவள், படபடவென்று எழுதுவாள், சத்தமாகச் சிரிப்பாள். செல்வலட்சுமிக்குத் தோழி என்று சொல்ல வாழ்க்கையில் இருந்தது அவள் ஒருத்திதான். ரோஜாவின் மகள் பொன்மணியும் அவர்கள் வேலை பார்த்த பச்சைக் கேட்டில்தான், வெடிமருந்து கலக்கும் மருந்து ரூமில் வேலை பார்த்தாள்.

ஆடி மாதம் ரோஜா ஒரு நம்பரைச் சேர்த்தாள். அய்யம்மா, திருத்தங்கல்.

"யாருக்கா அது? நான் பாக்கலையே" என்றாள் செல்வலட்சுமி.

"நான் பாத்துட்டேன்லா? எங்க சின்னம்மா வழில ஒரு பிள்ள. நீ பாத்தா என்ன, நான் பாத்தா என்ன?"

அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டாள்.

ஒரு வாரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. காலையில் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்தால் வேலை முடிந்துதான் கைக்கு வரும். அதனால் பட்டியலில் எல்லோரும் காலை ஏழு மணிக்கு முன்னால் கேட்டிருப்பார்கள், இல்லையென்றால் சாயங்காலம் ஐந்தரைக்குப் பின்னால். அய்யம்மா மட்டும் தினமும் பகல் பதினோரு மணிக்குக் கேட்டாள். ஒரு நாள்கூட அவள் பேசியதில்லை.

"பச்சப்பிள்ளைக்காரி. வீட்டுல பிள்ளையத் தூங்கப்போட்டுட்டுக் கேக்கா. இதையெல்லாமா பாத்துக்கிட்டு இருக்க? போலீசுக்குப் போயிருக்கலாம் நீ" என்றாள் ரோஜா. வேனில் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

புரட்டாசியில் சீசன் சூடு பிடித்தது. அறைக்கு நாலு பேர்தான் என்று சுவரில் சிவப்பில் எழுதியிருந்தது. பச்சைக் கேட்டில் அந்த எழுத்துக்குக் கீழேயே ஒன்பது பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஏதாவது ஒன்று பற்றினால் வாசலுக்கு யார் முதலில் போவது என்று மத்தியானச் சோற்றுக்கு இடையில் ஒருத்தி கேட்டாள். யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் செல்வலட்சுமி வேப்பங்கன்றுக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு பேசினாள். "பச்சக் கேட்டு அக்காமாரே, வியாழக்கிழமை ஒரு நாள் யாரும் வேன் ஏற வேணாம். சண்டை வேணாம், கோசம் வேணாம். நாலு பேருன்னா நாலு பேரு, அத ஒத்துக்கிட்டா மறுநாள் வருவோம். கையில ஆர்டர் கெடக்கு, ஒரு நாள் தாங்க மாட்டாக. அம்புட்டுப் பேரும் நின்னாத்தான் உண்டு."

புதன்கிழமைக்குள் ஐம்பத்து மூன்று பேர் வாய்ஸ் போட்டார்கள். "ஏற மாட்டேன்." "நானும் ஏறல." முதலில் பேசிய ஆறு பேர் தைரியமாகத் தங்கள் ரூம் நிலவரத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். அன்று செல்வலட்சுமி அந்தக் குரல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். தன் வாழ்நாளில் தன் சொல்லுக்கு இத்தனை பேர் பதில் சொன்னதில்லை.

வியாழக்கிழமை வேன் ஏழு மணிக்கு வரவில்லை, ஆறு மணிக்கே வந்துவிட்டது. படியில் போர்மேன் பாண்டிராஜ் நின்றுகொண்டிருந்தான். ஹாரன் சத்தத்துக்குப் பெண்கள் அரைத் தூக்கத்தோடு வெளியே வந்தார்கள். அவன் ஒன்றும் திட்டவில்லை. போனை உயர்த்திப் பிடித்து ஒவ்வொரு வாய்ஸாக ஓடவிட்டான். தெருவில் அவரவர் குரல் அவரவருக்கே கேட்டது.

"இந்த ஆறு பேரும் இனிமே வர வேணாம். மத்தவுக ஏறுங்க. யாரு ஏறலைன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான். பிறகு செல்வலட்சுமி பக்கம் திரும்பினான். "குரூப்பு நடத்துற அம்மா, உனக்கும் லீவுதான். நிரந்தர லீவு."

முதலில் ஏறியவள் சின்னத்தாய். ஐம்பது வயதுக்காரி. பாண்டிராஜுக்கு அண்ணன் பெண்டாட்டி. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். ரோஜா தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள். பயந்துவிட்டாள், பாவம் என்றுதான் செல்வலட்சுமி நினைத்தாள்.

வேன் போன பிறகு எட்டு மணி வரைக்கும் அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். யார் சொல்லியிருப்பார்கள்? கண் முன்னால் முதலில் ஏறிய கால் சின்னத்தாயுடையது. வீட்டுக்குப் பின்னால் போனாள். மேற்கொண்டு யோசிக்காமல் பேசினாள். "சின்னத்தாயக்கா, உங்க கொழுந்தன்கிட்டக் கொண்டுபோய்க் கொடுத்துட்டீகளே. உங்களையும் ஒருத்தியா நம்பித்தானே சேத்தேன். ஆறு பேரு வயித்துல மண்ணு விழுந்துச்சே." அனுப்பிவிட்டாள்.

வேலை நாளில் பகலில் வீட்டில் இருப்பது அவளுக்குப் புதிது. விளக்கிய பாத்திரத்தையே விளக்கினாள். போனை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போனவர்களின் போன் கேட்டில் கிடக்கும், சாயங்காலம்தான் கேட்பார்கள். பதினொன்று ஐந்துக்கு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டியலில் ஒரு பெயர் விழுந்தது.

அய்யம்மா.

அந்த நம்பரை அவள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டாள்.

"அலோ, யாருப்பா? பாண்டிராஜ் பேசுதேன்" என்றது ஆண் குரல். பின்னால் டீ கிளாஸ் வைக்கும் சத்தம். யாரோ சிரித்தார்கள். "யாரு? பேசித் தொலைங்க."

அவள் போனை வைத்துவிட்டாள். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் தெளிந்தது. ஆடிக்குப் பிறகு பொன்மணியின் விரல் நகங்களில் வெள்ளிப் பொடி இல்லை. மருந்து ரூமிலிருந்து லேபிள் ஒட்டும் ரூமுக்கு அவளை மாற்றியிருந்தார்கள். அதைச் செல்வலட்சுமி அன்றே கவனித்தாள். நல்லதாகப் போயிற்று, பிள்ளை தப்பித்தாள் என்று சந்தோஷப்பட்டு அதோடு விட்டுவிட்டாள்.

காலையில் சின்னத்தாயைப் பேசிய வாய்ஸை அவசரமாக அழித்தாள். பட்டியலில் அதுவரை வேறு பெயர் விழவில்லை; பாண்டிராஜைத் தவிர யாரும் கேட்டிருக்கவில்லை.

சாயங்காலம் வேன் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். எத்தனையோ வார்த்தையைக் கட்டிக்கொண்டு போனாள். ரோஜா இறங்கியதும் எல்லாம் போய்விட்டது.

"அய்யம்மா யாருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

இறங்கிய பெண்கள் அப்படியே நின்றார்கள். ரோஜா சுற்றிலும் பார்த்தாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"வேன் டைமு, பேச்சு வார்த்தை இதத்தான் கேப்பேன்னு பாண்டிராஜ் சொன்னான், செல்வி. ஆள வெளியேத்துவான்னு எனக்கு என்ன தெரியும்?"

"ஆறு வருசம் ஒரே சீட்டுல உக்காந்தோமேக்கா."

"உனக்கென்ன, உன் பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கான்." ரோஜாவின் குரல் ஏறியது. "எம் பொண்ணு மருந்து ரூமுல உக்காந்திருந்தா. தெனமும் அவ தூக்குச்சட்டியக் கட்டும்போது எனக்கு என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? நம்பரச் சேத்து விடு, பிள்ளைய மாத்திவிடுதேன்னான். சேத்தேன். நீயா இருந்தாலும் சேத்திருப்ப."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ அம்புட்டுப் பேரையும் மாத்தணும்னு சொல்லுவ. அது என்னைக்கு நடக்க?"

செல்வலட்சுமி போனை எடுத்து, எல்லோரும் பார்க்க, அய்யம்மாவை நீக்கினாள். பிறகு ரோஜாவை நீக்கினாள். ரோஜா தன் போன் திரையைப் பார்த்தாள். அழப்போகிறாள் போலிருந்தது. ஆனால் "சரி, நல்லா இரு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். இனி காலையில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது என்பது செல்வலட்சுமிக்கு ஆறுதலாக இல்லை.

கூட்டத்துக்குப் பின்னால் இருந்து சின்னத்தாய் வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் அத அழிச்சுட்டேன்" என்றாள் செல்வலட்சுமி அவசரமாக.

"அழிச்சியா? சரித்தா. அவன் அதுக்கு முந்தியே கேட்டுட்டு என் ரூமுக்கு வந்தான். எட்டுப் பேரு முன்னால, 'மதினி, உங்கள எம்புட்டு நல்லா நம்பியிருக்காக பாத்தீகளா'ன்னு நீ பேசுனத அப்படியே பேசிக் காமிச்சான். எல்லாம் சிரிச்சாளுக."

"தப்புத்தான்க்கா."

"நான் ஏன் மொதல்ல ஏறுனேன்னு கேட்டியா? என் வீட்டுக்காரருக்கு மூச்சு எளைக்கி. நான் நின்னா அந்த வீட்டுல அடுப்பு எரியாது. எல்லாரும் பயந்துதான் ஏறுனாளுக, நானும் பயந்துதான் ஏறுனேன். ஆனா ஒரு வார்த்த அவன்கிட்ட நான் சொன்னதில்ல." முந்தானையை உதறிச் செருகினாள். "நெசமாவே நான்னுதான் நெனச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். செல்வலட்சுமி முதல்முறையாக ஒருத்தியின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"ஆமாக்கா. பதினோரு மணி வரைக்கும் நீங்கன்னுதான் நெனச்சேன்."

சின்னத்தாய் தலையை ஆட்டினாள். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். கீறல் விழுந்த சின்னப் போன்.

"இதுல இருந்து எப்படி வெளிய போறதுன்னு எனக்குத் தெரியாதுத்தா. நீயே எடுத்து விட்டுரு."

"அக்கா..."

"எடுத்து விடு. வீட்டுக்குப் போணும்."

செல்வலட்சுமி போனை வாங்கினாள். குரூப்பைத் திறந்து, கீழே தள்ளி, சிவப்பாக இருந்த இடத்தைத் தொட்டாள். நிஜமாகவே வெளியேறவா என்று அது ஒரு தடவை கேட்டது. தொட்டாள். திருப்பிக் கொடுத்தாள். சின்னத்தாய் அதைச் சுருக்கில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவுக்குள் போனாள்.

செல்வலட்சுமி நிமிர்ந்தபோது பக்கத்தில் இன்னொருத்தி நின்றிருந்தாள். சின்னத்தாய் போலவே அவளும் போனை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்.