அண்ணன் முடுக்கிய கிளிப்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. தம்பி என்ற முறையில் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அண்ணி கேட்டார்கள். அண்ணனைப் பற்றி எழுத நல்லதைத் தவிர வேறு எதுவும் இல்லை. வாழ்நாள் முழுக்க எனக்கு இருந்த தொல்லையே அதுதான்.

அண்ணன் திருவல்லிக்கேணியில் பிறந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அப்பா காலமானபோது அவர் பத்தாம் வகுப்பில் இருந்தார். படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். என்னை ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்க வைத்தார். பிறகு மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்தமாக ஷெட் போட்டார். நான் அடையாற்றில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலைக்குப் போனேன். சட்டையில் பெயர் தைத்திருப்பார்கள். கையில் ஸ்கேனர் கொடுப்பார்கள். காரில் செருகினால் கோளாறு என்னவென்று திரையில் வரும். அப்படியிருந்தும் சொந்தத்தில் யார் வண்டி மக்கர் பண்ணினாலும் அம்மா சொல்வது ஒன்றுதான்: "பெரியவன்கிட்ட காட்டு." எனக்கு வயிறு எரியும். இதை இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

தி.நகரில் இருக்கும் எங்கள் அக்காவின் வீட்டுக்காரரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் உண்டு. இன்ஜெக்‌ஷன் வண்டிகள் புதிதாக வந்த காலத்தில் வாங்கியது. சில வருடங்களுக்கு முன் அது சிக்னலில் நின்றால் உதற ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றும் இல்லை. நின்றால் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கும். மாமா அதிசயமாக என்னிடம் கொண்டுவந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கேனரைச் செருகினேன். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று காட்டியது. சென்சார்தான் போய்விட்டது என்று அதை மாற்றினேன். கையோடு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினேன்.

இரண்டே நாளில் மாமா போன் செய்தார். "இன்னா நைனா, புச்சா சென்சார் போட்டேன்னியே, மறுபடியும் உதறிக்கினு கீதே!" அதோடு விட்டாரா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை நேராக மயிலாப்பூருக்கு ஓட்டிப்போய்விட்டார். செய்தி கேட்டு நானும் ஷெட்டில் போய் நின்றேன்.

அண்ணன் முதலில் ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி என்ஜின் மேல் வைத்தார். அது அவர் வழக்கம். தண்ணீர் விடாமல் அலைந்தது. பிறகு ஓடுகிற என்ஜினில் ஒவ்வொரு பிளக்குக்கும் போகும் மின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எதைக் கழற்றினாலும் என்ஜின் ஒரே மாதிரி திணறியது. "நாலும் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. அப்போ நாலுக்கும் பொதுவா எங்கியோ காத்து திருட்டுத்தனமா பூந்துக்கினு கீது," என்றார். கிளீனர் ஸ்ப்ரேயை எடுத்து, காற்றுப் போகும் வழியிலிருந்த ரப்பர் ஹோஸ்களின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே போனார். அடிப்பக்கம் மறைந்திருந்த ஒரு சின்ன ஹோஸில் பட்டதும் ஸ்ப்ரே உள்ளே உறிஞ்சப்பட்டு, என்ஜின் சட்டென்று குரல் மாறியது. டம்ளர் தண்ணீர் அடங்கிவிட்டது. ஹோஸில் ஒரு வெடிப்பு, நகத்தளவுகூட இருக்காது.

மாமா எதிரில் அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு போனில் தனியாகச் சொன்னார்: "உன் ஸ்கேனர் கரெக்டாத்தான்டா சொல்லிச்சு, காத்து ஜாஸ்தின்னு. எங்கேர்ந்து வருதுன்னு நீதான் தேடல." மாமா எதிரிலேயே திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. இலை போட்டதிலிருந்து ஒரே பேச்சு. "பெரியவன் கை வச்சான், வண்டி பொட்டிப்பாம்பா அடங்கிடுச்சு. சின்னவன் என்னத்த படிச்சானோ," என்றார் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். காரில் என் கண்ணாடியை வைத்துவிட்டேன் என்று சொல்லி மாமாவிடம் சாவி வாங்கிக்கொண்டு கீழே போனேன்.

இனி எழுதப்போவது அண்ணிக்குக்கூடத் தெரியாது. நான் பானெட்டைத் திறந்தேன். அண்ணன் புதிதாகப் போட்ட ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் திருகுக் கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸைப் பாதி பிடுங்கிவிட்டு மூடினேன். பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பார்த்துத்தான் செய்தேன். யாருக்கும் அடிபடக் கூடாது. அண்ணனுக்கு மட்டும் அவமானம் வர வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

சாயங்காலம் அம்மாவை ஏற்றிக்கொண்டு மாமா வண்டியைக் கிளப்பினார். கேட்டைத் தாண்டுவதற்குள் அது உதறி உதறி நின்றுவிட்டது. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது.

அண்ணன் பானெட்டைத் திறந்து குனிந்தார். அவரிடம் ஒரு பழக்கம். எந்த ஹோஸ் கிளிப்பை மாட்டினாலும் அதன் திருகு மேலே பார்த்தபடி இருக்கும். அடுத்து வேலை பார்ப்பவருக்குக் கை எட்ட வேண்டும் என்பார். நான் அவிழ்த்த அவசரத்தில் கிளிப் சுழன்று திருகு அடியில் போயிருந்தது. அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "என் தப்புதான் மாமா. கிளிப்ப முடுக்க மறந்துட்டேன்," என்றார்.

என் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கையை நீட்டினார். "டேய், அந்த ஸ்க்ரூடிரைவரக் குடு."

ஞாயிற்றுக்கிழமை, விருந்துக்கு வந்தவன், பட்டு ஜிப்பா போட்டிருக்கிறேன். என் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஏன் இருந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்குப் பிறகு மாமா அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா, கிளிப்பு டைட்டா கீதா?" என்று கலாய்ப்பார். அண்ணன் ஒவ்வொரு தடவையும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். சொல்லவே இல்லை. பெருந்தன்மையிலும் என்னை முந்திக்கொண்டார் பாருங்கள், அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

கடைசி இரண்டு மாதம் நுரையீரல் கோளாறால் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒருநாள் ஜன்னல் பக்கம் காது கொடுத்து, "கீழ நிக்கிற ஆம்புலன்ஸ் ஐட்லிங் சரியில்ல, டிரைவராண்ட சொல்லு," என்றார். இந்த ஒரு தடவையாவது தப்பாக இருக்காதா என்று இறங்கிப் போனேன். வண்டி உதறிக்கொண்டுதான் நின்றது. திரும்பி வந்து, "அண்ணா, அன்னைக்கு மாமா வண்டில..." என்று ஆரம்பித்தேன். "திருகு மேல பாத்துக்கினு இருக்கணும்டா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை.

அந்த இரண்டு மாதமும் இரவு பகல் பாராமல் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஷெட்டைப் பூட்டாமல் நடத்தித் தந்த அண்ணனின் நண்பர்களுக்கும், சுற்றத்தார் அனைவருக்கும் அண்ணியின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

மாமாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பதின்மூன்றாம் நாள் காரியத்தில் எல்லோர் முன்னாலும், "மெட்ராஸ்லயே அவர மாதிரி மெக்கானிக் கிடையாது, வாழ்க்கைல ஒரே ஒரு தபா கிளிப்ப மறந்துட்டாரு," என்று சொல்லி அழுதீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். தலையாட்டியதற்கு மன்னித்துவிடுங்கள் மாமா.

அண்ணன் அந்தக் கிளிப்பைச் சரியாகத்தான் முடுக்கியிருந்தார்.