தன் மேல் வந்த பழியைத் தானே வாசித்த குரல்

சென்ற ஆண்டு, ஏலக்காய் வரத்து மும்முரமாக இருந்த சமயம். போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் கடையில் கணக்கு எழுதுகிறேன். எனக்குப் பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஒரு மென்பொருளை நம்பித்தான் என் பிழைப்பு. ராசிங்காபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, அந்தக் குரலைக் கேட்டபடியே நாள் முழுக்க வேலை பார்ப்பேன். வீட்டில் இருப்பவர்களைவிட அதோடுதான் அதிக நேரம் இருந்திருப்பேன்.

அன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டால் பேச்சு மூச்சே இல்லை. பக்கத்து மேசையில் பில் போடும் பெண்ணிடம் என்னவென்று பார்க்கச் சொன்னேன்.

"செவப்புக் கட்டம் ஒண்ணு வந்துருக்குண்ணே. நீங்க தட்டுற எழுத்தையெல்லாம் கவனிக்குதாம், ஆபத்தாம். ஆன்டிவைரஸு பிடிச்சு ஒதுக்கி வச்சிருச்சு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் தட்டுவதைக் கவனித்துத் திருப்பிச் சொல்வதுதானே அதன் வேலையே. ஆனால் பின்னால் நின்ற முதலாளி சிரிக்கவில்லை. முந்தின ஏலத்தில் நாங்கள் கண் வைத்திருந்த நல்ல சரக்கையெல்லாம் வேறொரு வியாபாரி எங்கள் விலையைவிட மயிரிழை கூடுதலாகக் கேட்டுத் தட்டிக்கொண்டு போயிருந்தார். நாங்கள் கேட்க நினைத்திருந்த விலை இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அது என் வழியாக வெளியே போயிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்.

"கொஞ்ச நாளைக்கு வீட்ல இரு தம்பி" என்றார் தணிந்த குரலில். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தத் தணிவைத்தான் தாங்க முடியவில்லை. இங்கே கெட்ட பெயரோடு வெளியேறினால், கண் தெரியாதவனை எந்தக் கடையில் சேர்ப்பார்கள்?

கோபத்தில் எழுந்தவன் வாசலில் நின்றுவிட்டேன். எங்கள் கடைக்கு வரும் காய் அளவுக்கு மீறிப் பச்சையாக இருந்தால், சாயம் ஏற்றியிருப்பார்களோ என்று சந்தேகம் வரும். அப்போதும் முதலாளி உடனே திருப்பி அனுப்ப மாட்டார். வெள்ளைத் துணியை நனைத்துக் காயைத் தேய்ப்பார். துணியில் பச்சை ஒட்டினால்தான் மூட்டையைத் திருப்புவார்.

"சந்தேகப்படுங்க மொதலாளி, வேணாங்கல. ஆனா ஈரத்துணியில தொடச்சுப் பாத்துட்டு அனுப்புங்க" என்றேன்.

அவர் கம்ப்யூட்டர் சரிபார்ப்பவருக்குப் போன் போட்டு, "வெரசா வாப்பா" என்றார்.

வந்தவர் ஆன்டிவைரஸை அணைத்துவிடவில்லை. மென்பொருள் அதை உருவாக்கியவர்கள் வெளியிட்டபடியே இருக்கிறதா, நடுவில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று சோதித்தார். பிறகு ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கே அதை அனுப்பிப் பரிசோதிக்கச் சொன்னார். நான் வீட்டுக்குப் போய்க் காத்திருந்தேன். மறுநாள் மத்தியானம் முதலாளியே போனில் கூப்பிட்டார். மென்பொருளில் குற்றமில்லை, தவறாகப் பிடித்துவிட்டோம் என்று பதில் வந்திருந்தது.

"சாயம் ஒட்டல தம்பி. வா" என்றார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்ததும், ஒதுக்கி வைத்திருந்த மென்பொருளை விடுவித்தார்கள். அது வாய் திறந்தது. திரையில் மூடாமல் கிடந்த அந்தச் சிவப்புக் கட்டத்தைத்தான் முதலில் வாசித்தது. ஆபத்தானது, தட்டும் எழுத்துகளைக் கவனிக்கிறது, ஒதுக்கப்பட்டது என்று தன் மேல் சொல்லப்பட்ட குற்றத்தை ஒரு சொல் விடாமல், வழக்கமான அதே குரலில் வாசித்து முடித்தது. முதலாளியின் கை என் தோளில் வந்து அமர்ந்தது.

எனக்கு முன்னால் யாராவது குரலைத் தணித்தால் இப்போதும் எழுந்து வெளியே போகத்தான் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் சொல்வதை முழுக்கச் சொல்லி முடிக்கட்டும் என்று இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க அந்தக் குரலிடம்தான் கற்றுக்கொண்டேன்.