இருபத்து மூன்றாவது குறிப்பு

அபிதகுஜாம்பாள் என்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தாளாளர் ஒருவர்தான். அதுவும் திட்டும்போது மட்டும். எங்களுக்கெல்லாம் அவர் அபிதா அக்கா. சானடோரியம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆபீஸ் கிளார்க். சாயங்காலம் ஐந்தரைக்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த என் பிரௌசிங் சென்டருக்கு வந்து, மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்காருவார். மற்றவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். மூன்றாம் நம்பரில் மட்டும் ஒழுங்காகத் தெரியும். வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய் நிற்பார். அந்த நிற்பே போதும், உட்கார்ந்திருப்பவன் எழுந்துவிடுவான்.

நான் சொல்வது 2007-இல் நடந்தது. அப்போது இணையத்தில் 'எடுத்துக்கோ' என்று ஒரு தமிழ்க் குழு இருந்தது. தனக்கு வேண்டாத நல்ல பொருளை ஒருவர் படம் பிடித்துப் போடுவார். ரேடியோ, டிக்‌ஷனரி, கேமரா, தையல் மிஷின் என்று எது வேண்டுமானாலும் வரும். யாருக்கு வேண்டுமோ அவர் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பதிவிலும் ஒரு புதிர் ஒளிந்திருக்கும். புதிர் இருக்கிறது என்பதையே யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். விடையைக் கண்டுபிடித்து, பொருளைக் கொடுப்பவருக்குத் தனியாக அனுப்பினால்தான் பொருள் கிடைக்கும். விஷயம் தெரியாத புதியவர்கள் கீழே 'எனக்கு வேண்டும் ஐயா' என்று எழுதிவிட்டு நாள் கணக்கில் காத்திருப்பார்கள். பழைய ஆட்களுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பதே பொழுதுபோக்கு. படித்த கூட்டம், நல்ல வேலையில் இருக்கிற கூட்டம், புத்தி மட்டும் அப்படி.

அக்காவும் அப்படிச் சிரிப்புக்கு ஆளானவர்தான். ஒரு தையல் மிஷினுக்காக இரண்டு வாரம் தினமும் வந்து வந்து பார்த்தாராம். வேறு யாராக இருந்தாலும் தலைமுழுகிவிட்டுப் போயிருப்பார்கள். அக்கா அங்கேயே இருந்து, எந்தெந்த விதமாகப் புதிரை ஒளிக்கிறார்கள் என்று ஒன்றரை வருஷம் நோட்டில் குறித்துவைத்தார். பிறகு 'புதிதாக வந்தவர்களுக்கு' என்று ஒரு பக்கம் தொடங்கினார். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக எழுதியிருப்பார்கள், மவுஸால் இழுத்தால் நீலமாகத் தெரியும் என்பது முதல் குறிப்பு. பொருளைப் பார்க்காதே, பொருளுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பார் என்பது ஆறாவது. இப்படி இருபத்து மூன்று. கடைசிக் குறிப்பில் புதிரைப் பற்றி ஒன்றும் கிடையாது. 'ஜெயித்தால் இங்கே வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், அக்கா சந்தோஷப்படுவேன்' என்று எழுதியிருந்தார்.

குழுவில் அவருக்கு 'உதவுபவர்' என்ற பொறுப்பையும் கொடுத்தார்கள். உதவுபவர் தான் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது. எப்படித் தேடுவது என்று சொல்லலாம், விடையைச் சொல்லக் கூடாது. சொன்னால் பரிசும் ரத்து, பொறுப்பும் ரத்து. இந்த விதியை எழுதியதே அக்காதான். அவருக்கு முன் உதவுபவராக இருந்த ஒருவர் தன் சிநேகிதர்களுக்கு விடையைச் சொல்லிச் சொல்லிப் பொருள்களை வாரிக் கொடுத்திருந்தார். அந்தக் கோபத்தில் எழுதியது.

அந்த வருஷம் கார்த்திகையில் எத்திராஜ் என் கடைக்கு வந்தார். கோவளத்துக்காரர், ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி அங்காளம்மா தாம்பரம் மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்பவர். அதற்கு முந்தைய மார்கழியில் பனிமூட்டத்தில் கரை தெரியாமல் எத்திராஜ் ஒரு பகலும் ஓர் இரவும் கடலிலேயே சுற்றி, எங்கோ சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறியிருந்தார். அன்று முதல் கரை கண்ணை விட்டு மறைகிற தூரத்துக்குப் போகக் கூடாது என்று அங்காளம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கரையோரத்தில் வலை போட்டால் நெத்திலிக்கு மேல் என்ன கிடைக்கும்? ஜிபிஎஸ் கருவி ஒன்று இருந்தால் பயமில்லை. அதன் விலையைக் கேட்டுவிட்டு எத்திராஜ் கடை வாசலோடு திரும்பியிருந்தார். துபாயில் இருக்கும் மச்சான் மோகன்ராஜ்தான், இப்படி ஒரு குழுவில் யாரோ சும்மா கொடுக்கிறார்கள், போய்ப் பார் என்று போனில் சொன்னாராம்.

அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். பழைய, முடிந்துபோன பதிவுகளை வைத்து மூன்று சாயங்காலம் அக்கா பாடம் நடத்தினார். நாலாம் நாள் ஜிபிஎஸ் பதிவைத் திறந்து, "எத்திராஜ், இதுல ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. எங்கேன்னு எனக்கும் தெரியாது, தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க" என்றார்.

'மாலுமி' என்ற பெயரில் எழுதும் ஒரு கப்பல்காரர் போட்ட பதிவு அது. படத்தில் ஒரு தரை, அதன் நடுவில் கருவி. தரையில் பதித்த கற்கள் ஒவ்வொன்றிலும் மயில், குடை, விளக்கு என்று ஒரு சித்திரம். கீழே மூன்றே வரி. 'இங்கிருந்து கிளம்பினேன். காற்று முதுகில் பட, சித்திரையில் இரண்டு கல், ஆடியில் மூன்று கல், மார்கழியில் ஒரு கல் நடந்தேன். போய்ச் சேர்ந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.' பத்து நாளாக முந்நூறு பேர் அதை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மாத எண்களைக் கூட்டினார்கள், பெருக்கினார்கள். ஒருவர் பஞ்சாங்கத்தையே பிரதி எடுத்துப் போட்டிருந்தார்.

எத்திராஜ் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். "இன்னாக்கா இது, காத்து எந்தப் பக்கம்னுதான கேக்கறாரு? சித்திரைல தெக்கேர்ந்து வரும். முதுவுல பட்டா வடக்கே போவணும். ஆடில மேக்கேர்ந்து..." என்று சொல்லிக்கொண்டே விரலைத் திரையில் வைத்தார். அக்கா சட்டென்று எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். விடை தன் காதில் விழக் கூடாது என்று அவ்வளவு கட்டுப்பாடு. விரல் ஆமை போட்ட கல்லில் போய் நின்றதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். 'ஆமை' என்று மாலுமிக்கு அனுப்பியதும் நான்தான். எத்திராஜுக்குத் தட்டச்சு செய்ய வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை முடிவு வந்தது. சரியான விடை ஒன்றே ஒன்று, அனுப்பியவர் கோவளம் எத்திராஜ். காற்றின் கணக்கையும் மாலுமி விளக்கிப் போட்டிருந்தார். கருவியைக் குழுவின் நிர்வாகியிடம் கொடுத்துவிட்டதாகவும், தான் அன்றே கப்பல் ஏறுவதாகவும் எழுதியிருந்தார். அக்கா ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார். வீட்டுக்காரர் வைத்தீஸ்வரனோடு சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயிருந்தார். எத்திராஜ் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இருபத்து மூன்றாவது குறிப்பு அவருக்கு ஞாபகம் இருந்தது.

"அக்காக்கு ஒரு நன்றி போடு சார். எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்ததுதான், எனக்கு இன்னா தெரியும்னு போடு."

நாமெல்லாம் அப்படித்தான் பேசுவோம். பிள்ளை பாஸ் பண்ணினால் எல்லாம் சார் புண்ணியம் என்போம், நோய் தீர்ந்தால் எல்லாம் டாக்டர் கைராசி என்போம். மரியாதை தெரிந்த எவனும் நானே கிழித்தேன் என்று மார் தட்ட மாட்டான். நானும் யோசிக்கவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே அடித்து, எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டேன். அந்த விதி எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் போட்டேன். எனக்குச் செருப்படி கொடுத்தாலும் தகும்.

ஒரு மணி நேரம் ஆகவில்லை. பத்ரி என்ற உறுப்பினர் அந்த வரியை எடுத்துப் போட்டு, 'உதவுபவரே சொல்லிக் கொடுத்தாராம், வெற்றியாளரே ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார். அப்புறம் முந்நூறு பேரும் நியாயவான்கள் ஆகிவிட்டார்கள்.

திங்கட்கிழமை அக்கா வந்து படித்தார். நடந்ததை நடந்தபடி எழுதினார், நானும் சாட்சி எழுதினேன். கடைக்காரர் வாடிக்கையாளருக்குத்தானே பேசுவார் என்றார்கள். எத்திராஜையே விளக்கச் சொல்கிறோம் என்றோம். விடைதான் ஏற்கெனவே வெளியாகிவிட்டதே, இப்போது சின்னக் குழந்தைகூட விளக்குமே என்றார்கள். மாலுமிக்கு எழுதினோம். அவர் எந்தக் கடலில் இருந்தாரோ, பதில் இல்லை.

புதன்கிழமை அக்கா லீவு போட்டார். கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் குழுவின் நிர்வாகி ஸ்ரீநிவாசராகவன் இருந்தார். ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை, முப்பது வயது இருக்கும். வாசலில் தண்ணீர் லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் சுவரோரமாக ஒண்டி உள்ளே போனோம். காப்பி கொடுத்தார், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கருவி டிவிக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அக்காவின் கண் அதை விட்டு நகரவில்லை.

"மேடம், உங்களை நான் நம்பறேன். ஆனா நம்பறதுக்கு ரூல்ல இடம் இல்லையே. எழுதினது நீங்கதானே" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

எனக்கு அந்த உறையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. காப்பி டம்ளரைக் கழுவி வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்தார். மறுவாரம் சீட்டுக் குலுக்கி, கருவியை வேலூரில் யாருக்கோ கொடுத்தார்கள். அவர் அதைக் காரில் ஒட்டவைத்துப் படம் போட்டிருந்தார். அக்காவின் 'உதவுபவர்' பொறுப்பும் போயிற்று.

எத்திராஜிடம் யார் சொல்வது? அவர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து, பார்சல் வந்துச்சா என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். தபாலில் தாமதம் என்று நான் பொய் சொன்னேன். மூன்றாம் வாரம் அக்காவால் தாங்க முடியவில்லை. எத்திராஜை உட்கார வைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"நானேதானக்கா கண்டுபுடிச்சேன். அது மருவாதிக்குச் சொன்னது. மருவாதிக்குச் சொன்னா எட்த்துக்குவாங்களா?"

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. எத்திராஜ் பதறிப்போய், "வுடுக்கா, உனக்கு இன்னாத்துக்கு பேஜாரு" என்று அவரையே சமாதானப்படுத்திவிட்டுப் போனார். கோபித்துக்கொண்டு இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மார்கழி பிறந்தது. கருவி இல்லாமலேயே எத்திராஜ் தூரத்துக்குப் போக ஆரம்பித்தார். கரையோரத்து மீனை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? பெரிய மீனுக்காக அங்காளம்மாவும் வாயை மூடிக்கொண்டார். பனி கொட்டுகிற காலைகளில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அக்கா மீன் மார்க்கெட்டுக்குள் நுழைவார். பிறந்ததிலிருந்து மீன் வாசனை ஆகாத மனுஷி. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அங்காளம்மா கூடைக்கு முன்னால் நின்று, "வந்துட்டாரா?" என்று கேட்பார். வந்துட்டாரு என்றால்தான் அங்கிருந்து நகர்வார்.

ஒரு நாள் அங்காளம்மா உட்காருகிற இடமே காலியாக இருந்தது. அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் என் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார். பதினொன்றரைக்கு அங்காளம்மாவின் போன் வந்தது. வழி தவறி, மகாபலிபுரத்துக்கும் தெற்கே போய், இப்போதுதான் கரையேறியிருக்கிறாராம். உயிருக்கு ஒன்றுமில்லை, வலைதான் போய்விட்டதாம்.

போனை வைத்துவிட்டு அக்கா மூன்றாம் நம்பரில் தன் பழைய பக்கத்தைத் திறந்தார். வேறு யாரும் எழுத முன்வராததால் அதை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். அன்றும் நாலு புதியவர்கள் படித்திருந்தார்கள். அக்கா கடைசிக் குறிப்புக்குப் போய், மவுஸால் இழுத்தார். வரி நீலமாயிற்று. அழிக்கும் பொத்தானைத் தட்டினார். மறுபடி தட்டினார். பொறுப்பு போனவர் கையால் அது எப்படி அழியும்?

"சார், இதை எடுக்க ஏதாவது வழி இருக்கா?"

இல்லை அக்கா என்றேன். நிர்வாகிக்கு இரண்டு தரம் எழுதிப் பார்த்திருந்தோம், பதில் வரவில்லை. ஜெயித்தால் இங்கே வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அந்த வரி அப்படியே இருந்தது. அக்கா மவுஸைத் தள்ளி வைத்தார்.

"அப்போ படிக்கிறவங்க யாரும் ஜெயிக்காம இருந்தாத் தேவலை" என்றார்.