பட்டிருப்புப் பாலத்தில் பார்த்த இங்கிலீஷ் தோணி

கிரிப்டோ நாணயங்களைப் போனில் பத்திரப்படுத்தும் மென்பொருளை விற்பது என் வேலை. கொழும்பில் ஏசிக்குள் உட்கார்ந்து போனில் பேசியே விற்கிறவளுக்கு மட்டக்களப்புப் பயணம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மாரி வெள்ளத்தில் எங்கள் வாடிக்கையாளர் ஒருத்தியின் போன் அழிந்துபோனது. பழுகாமத்துச் சுகன்யா, வெளிநாட்டுக் கம்பனிகளுக்குப் படம் வரைந்து கொடுப்பவள். புதுப் போன் வாங்கி, நாங்கள் ஆரம்பத்தில் கொடுத்த பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை அதில் தட்டிப் பணத்தை அப்படியே மீட்டுவிட்டாள். அந்தச் சொற்கள்தான் பணப்பெட்டியின் திறப்பு. யார் கையில் அவை இருக்கின்றனவோ பணம் அவருடையது, போனால் முறையிட ஆளில்லை. "விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேணும், போய் வீடியோ எடுத்துக்கொண்டு வாங்க" என்றார் மனேஜர். மாசியில் கிளம்பினேன்.

காலை ஏழு மணிக்கு மட்டக்களப்பு. கல்முனை பஸ்ஸில் களுவாஞ்சிக்குடிக்கு ஒரு மணித்தியாலம், டிக்கெட் 150 ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். அங்கிருந்து பழுகாமம் ஆறு கிலோமீட்டர் சொச்சம், ஆட்டோவுக்கு 700 ரூபாய். ஓட்டிய கோபி நல்ல வாய்க்காரர்.

பட்டிருப்புப் பாலத்தில் வாவியைப் பார்க்க நிறுத்தச் சொன்னேன். யார் வீட்டுக்கு என்று கேட்டார், தவராசா வீடு, அவர் மகளைப் பார்க்க என்றேன்.

"அவர்ர தோணி அந்தா கிடக்கு மிஸ். நாங்க அத இங்கிலீஷ் தோணி எண்டுதான் சொல்றது."

பார்த்தேன். நீல நிறத் தோணியின் விலா முழுக்க, மஞ்சள் பெயிண்டில், சாண் உயர எழுத்தில் இரண்டு வரிசையாக ஆங்கிலச் சொற்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சொற்கள். எண்ணினேன். பன்னிரண்டு. மூன்று வருடமாக இதை விற்கிறேன், இப்படி ஒன்றைக் கனவிலும் கண்டதில்லை.

மனேஜருக்குச் சொல்லப் போனை எடுத்தால் அதைவிடப் பெரிய இடி. எங்கள் கம்பனிப் பக்கத்தில் அந்தத் தோணியின் படம், போட்டு அரை மணித்தியாலம். மனேஜர் கேட்டாரென்று தவராசா அண்ணன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்று எடுத்து அனுப்பியிருக்கிறார். எழுத்தைத் தோணியின் பெயர் என்று நினைத்தாராம் எங்கள் புத்திசாலி. மேலே தலைப்பு வேறு: 'பன்னிரண்டே சொற்களில் மீண்ட பணம்.' மனேஜருக்கு எடுத்தேன், தூக்கவில்லை. சுகன்யாவின் போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

"கோபி, எவ்வளவு வேகமாப் போவீங்க?"

"ஏன் மிஸ், ஆருக்கும் சுகமில்லையா?"

"முதல்ல எடுங்க, பிறகு சொல்றேன்" என்றேன். இந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மகளுக்குப் பெற்றவர்கள் வீடு கொடுப்பது வழக்கம். சுகன்யா தன் வீட்டைத் தன் உழைப்பிலேயே கட்டுகிறாள். வாசலில் இறங்கியதும் கண்ணில் பட்டது அத்திவாரம்தான். சுவர் எழும்ப வேண்டிய பணம் முழுக்க அந்தப் போனுக்குள் இருந்தது.

வணக்கம்கூடச் சொல்லாமல் போனைத் திறக்கச் சொன்னேன். பணம் இருந்தது. புதிய கணக்கு ஒன்றைத் திறந்து, புதிய பன்னிரண்டு சொற்களோடு எல்லாவற்றையும் அதற்கு மாற்றினாள். கட்டணம் கட்டி மாற்ற வேண்டாமென்று விட்ட சில்லறை கொஞ்சம் மட்டும் பழையதில் மிஞ்சியது.

தவராசா அண்ணனுக்கு நாங்கள் ஏன் வெளிறிப்போய் நிற்கிறோம் என்று விளங்கவில்லை. "வெள்ளம் வந்தா வீட்டுக்குள்ள எல்லாம் தாழும் பிள்ளை. தோணி தாழாது. அதான் இவள் அந்தச் சொல்லெல்லாம் எழுதி வச்சிருந்த கடதாசியக் குடுத்து அதில எழுதுவிச்சன்."

"கடதாசி வெள்ளத்தில போயிட்டுது. தோணியப் பாத்துக் காச மீட்ட உடன அழிக்கச் சொன்னன் மிஸ்," என்றாள் சுகன்யா. "இந்த எழுத்துதான் உன்ட வீட்டக் காப்பாத்தினது எண்டு அப்பா விடல்ல. மறுகா நானும் நினைச்சன், ஆருக்கு விளங்கப்போகுது இது என்னண்டு?"

விளங்கவைத்தது நாங்கள்தான். வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

நண்டுக்கறியோடு சோறு போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சுகன்யா சும்மா பழைய கணக்கைத் திறந்து பார்த்தாள். மிஞ்சியிருந்த சில்லறை இல்லை. யாரோ வழித்து எடுத்திருந்தார்கள். எந்த நாட்டில் உட்கார்ந்து எடுத்தார்களோ, அந்த இரண்டு மூன்று காசையும் விடவில்லை. மூன்று பேரும் அத்திவாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீடியோ எடுக்கவில்லை. புதிய சொற்களைத் தண்ணீர் படாத இடத்தில் வைத்தாயா என்று பழக்கதோஷத்தில் கேட்டேன்.

"வச்சிட்டன். எங்க எண்டு உங்களுக்கும் சொல்லமாட்டன் மிஸ்," என்றாள். அதுவே சரி.

போகிறவர்களுக்கு: மாசி, பங்குனி நல்ல காலம், மார்கழியில் வெள்ளம் வரும், போகாதீர்கள். பாலத்துக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், நிழல் கிடையாது. தோணிகளைத் தாராளமாகப் படம் எடுங்கள், ஆனால் எழுத்தை வாசிக்காமல் எங்கேயும் போடாதீர்கள். திரும்பும்போது பாலத்தடியில் தவராசா அண்ணன் தோணிக்கு நீலம் பூசத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் மனேஜரின் செய்தி வந்தது: "படம் நல்லாப் போகுது. ஆயிரம் பேர் பகிர்ந்திட்டாங்க."