எட்டுத் தொட்டியிலும் ஓட்டை

வேலைச் சட்டையை அவரேதான் துவைப்பார். வீட்டுத் துணியோடு போட்டால் அதுவும் பாழாகும் என்று தனி வாளி. சலவைச் சோடாவில் அரை மணி நேரம் ஊற வேண்டும். இல்லாவிட்டால் அமிலத் துளி பட்ட இடமெல்லாம் பொடிந்து உதிரும். அன்று மாலை சட்டையைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் குந்தியிருந்தார். வலது தோளைத் தூக்க முடியவில்லை.

ஆலையில் அவருக்குப் பெயர் தகடு. முப்பத்தொரு வருஷமாகத் தகடு உரிக்கிற வேலை. சுரங்கத்துக் கல்லைப் பொடித்து, வறுத்து, அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, தொட்டிகளில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். உள்ளே தொங்குகிற அலுமினியத் தகடுகளின் மேல் ஒரே நாளில் துத்தநாகம் ஏடு கட்டினாற்போலப் படிந்திருக்கும். அதை உளியால் நெம்பி எடுப்பது தகடும் அவருடைய ஜோடியும். தகட்டுக்கு ஒரு பக்கம் இவர், மறுபக்கம் அவன்; பதினெட்டு வருஷமாக இப்படி. தொட்டியிலிருந்து கிளம்பும் புகை இரண்டு பேருக்கும் முன்பற்களைப் பாதி தின்றுவிட்டது. “நாம சிரிச்சா மேனேஜருக்கு ஜுரம் வந்துடும் அண்ணே” என்பான் ஜோடி.

அன்று காலை எட்டுத் தொட்டியிலும் தகடுகளைத் தூக்கியபோது துத்தநாகம் ஓட்டை ஓட்டையாகச் சல்லடைபோல இருந்தது. படிந்தது திரும்பக் கரைந்து போயிருந்தது. கரைசலில் வேற்று உலோகம் இம்மியளவு கலந்தாலும் இப்படி ஆகும். செம்புக் கொக்கி எதையோ உள்ளே போட்டுவிட்டீர்கள் என்று போர்மேன் கத்தினார். நாளைக்கு விசாரணை.

கொக்கி விழுந்தால் ஒரு தொட்டிதான் கெடும். எட்டுத் தொட்டியிலும் ஓட்டை என்றால் வந்த கரைசலே கெட்டது. இது போர்மேனுக்கும் தெரியும். ஆனால் கரைசலைப் பார்த்து அனுப்புகிற சோதனைக்கூடத்தோடு மல்லுக்கட்டுவதைவிட உளி பிடிக்கிறவனைத் திட்டுவது சுலபம்.

நேற்று சோதனைக்கூடத்தில் இருந்தது தகடின் மகள். வாழ்க்கையில் அவர் கைகட்டி நின்று சிபாரிசு கேட்டது அவள் வேலைக்காக மட்டும்தான்.

உள்ளே மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நேத்து கரைசல்ல மருந்து விட்டுப் பத்து நிமிஷம் பொறுத்தியாம்மா? கெட்டதுன்னா சிவப்புத் தட்டுமே, தட்டலையே?”

“ஷிப்டு முடியிற நேரம்பா. பஸ் போயிடும். அது எப்பவும் தெளிவாத்தானே வருது...”

“பொறுக்கல.”

“நாலு நிமிஷம் பாத்தேன். சரின்னு எழுதிட்டேன்.”

மனைவி மடித்த துண்டைத் திரும்ப உதறினாள். “இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? கொக்கி கை தவறி விழுந்துடுச்சுன்னு சொல்லிட்டு வாங்க. உங்களுக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம். திட்டுவாங்க, அவ்வளவுதான். இவளைன்னா வீட்டுக்கே அனுப்பிடுவாங்க. சேர்ந்து வருஷம்கூட ஆகல.”

“தொட்டிக்கு ஒண்ணா எட்டுக் கொக்கி போட்டேன்னு சொல்லவா? பைத்தியம்னு எழுதிக்குவாங்க.”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“அவங்களுக்கு ஒரு ஆளு வேணும். நம்புறதைப் பத்தி யாருக்கு என்ன?” என்றாள் மனைவி.

“ஒரு ஆளா? நான் ஒத்துக்கிட்டா ஜோடியையும் சேர்த்துத்தான் எழுதுவாங்க. போன வருஷமே அவனை மூணு நாள் வேலை குடுக்காம வெளிய நிக்க வச்சாங்க. இன்னொரு புகார் விழுந்தா வேலையை விட்டே எடுத்துடுவாங்க.”

“பெத்த பொண்ணைவிட அவன் உசத்தியா?”

“உசத்தி தாழ்த்தி பாக்கவெல்லாம் எனக்குத் தெம்பு இல்ல.” தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். பிறகு மகளிடம் திரும்பினார். “எட்டுலயும் ஓட்டைன்னுதான் நான் சொல்வேன். யாரு பாத்தாங்க, எத்தனை நிமிஷம் பாத்தாங்கன்னு என் வாயிலேருந்து வராது. அதை நீ போய்ச் சொல்லணும். அவங்களா தோண்டி எடுக்கிறதுக்கு முன்னால.”

“சொன்னா வேலையில வச்சுக்குவாங்களாப்பா?”

“தெரியலை.”

வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் அவருக்குத் தெம்பில்லை.

“காலையில சேர்ந்தே போகலாம். சொல்லிடுறியாம்மா?”

மகள் பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அம்மா தட்டை வாங்கக் கையை நீட்டினாள். அவளிடமும் கொடுக்காமல், எச்சில் கையோடு அறையை விட்டுப் போனாள்.