சாத்திய கதவு

மதுரையிலிருந்து மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், கொழுந்து பறிக்கும் செல்வி அக்காவின் வீட்டில் தங்கினேன். குளிர் தாங்காமல், வகுப்பு முடிந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வேன். கூடத்தில் அக்கா குடும்பத்தார் சிரிப்பது கேட்கும். அக்கா வாசலில் வைத்துவிட்டுப் போகும் தட்டை எடுத்து, 'ஒரு வார்த்தை கூப்பிட்டால் என்ன?' என்று மனதுக்குள் திட்டியபடியே தனியாகச் சாப்பிடுவேன்.

மூன்றாவது வாரம், மழை ஈரத்தில் கதவு உப்பிக்கொண்டு சாத்தவே வரவில்லை. ஐந்து நிமிடத்தில் அக்கா டீயோடு உள்ளே வந்துவிட்டார்.

"இத்தன நாளா ஏன்க்கா கூப்பிடல?"

"எங்க லயத்துல கதவ சாத்துனா, தனியா விடுங்கன்னு அர்த்தம் லா டீச்சர். ஒங்களுக்கும் நாற்காலி போட்டுட்டுத்தான் தெனமும் சாப்பிட ஒக்காருவோம்."

கூடத்தை எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

அன்று முதல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். கதவைச் சாத்தவில்லை.